பச்சையாகிவிட்ட நீச்சல் குளம்: கோடைக்கு முன் முழுவதும் காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: கடலோரவீடு

அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் பின்புறத்தில் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட சிறிய நீச்சல் குளம் ஒன்று உள்ளது. ஆழம் குறைந்த முனையில் மூன்றரை அடி நீரும் மறுமுனையில் ஐந்தடி நீரும் நிற்கும். கடந்த அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது பம்பை நிறுத்தினோம். அதன் பிறகு குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லாமல் போனதால் குளத்தின் பக்கம் யாரும் போகவே இல்லை. இப்போது பிப்ரவரி பிற்பாதியில் போய்ப் பார்த்தால், நீர் கரும்பச்சையாக இருக்கிறது. முதல் படிக்கட்டுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. வேப்பிலையும் சருகும் அடியில் மக்கிக் கிடக்கின்றன. தவளைகள் குடியேறிவிட்டன, கொசுப்புழுவும் இருக்கிறது.

ஏப்ரலில் தேர்வுகள் முடிந்ததும் பேரப்பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அதற்குள் குளத்தைத் தயார் செய்தாக வேண்டும். வழக்கமாகப் பராமரிப்புக்கு வருபவர், "நீர் முழுவதையும் இறைத்துவிட்டு, டைல்ஸை அமிலம் போட்டுத் தேய்த்து, லாரித் தண்ணீர் விட்டு நிரப்பிவிடலாம், நிரப்பிய பிறகு கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் பாசி மறுபடி வராது" என்கிறார். 2019ஆம் ஆண்டுக் கோடையில் குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து வரிசையில் நின்ற ஊரில், அத்தனை நீரையும் சாக்கடையில் விடுவதற்கு மனம் ஒப்பவில்லை. இந்த நீரையே மீட்டுவிட வழி உண்டா? மூன்று கோடைகளாகக் குளோரின் மாத்திரைகளை மிதவையில் போட்டுப் பயன்படுத்தி வருகிறோம். ஒரு கோடைக்கு ஏறத்தாழ 5 கிலோ டப்பா ஒன்று செலவாகும். வேறு எந்த மருந்தையும் நாங்கள் போடுவதில்லை.

பதில்: பழையஆய்வகம்

ஐயா, நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பச்சை என்பது பாசி. போதுமான குளோரின் போதுமான நேரம் நீரில் நின்றால் அது சாகும். நிறத்தை விட, நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் மாத்திரைக் கணக்குதான் என்னை யோசிக்க வைத்தது.

நீங்கள் சொல்லும் மாத்திரை பெரும்பாலும் டிசிசிஏ எனப்படும் ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலமாக இருக்கும். அது கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் நீரில் விடுகிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் நிலைப்படுத்தி இதுவே; 30 முதல் 50 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருந்தால் நன்மையே செய்யும். ஆனால் குளோரின் செலவாகித் தீர்ந்துபோக, இது மட்டும் அப்படியே தங்கிவிடும். ஆவியாகாது, வடிகட்டியிலும் சிக்காது. ஒரு கிலோ மாத்திரையில் ஏறத்தாழ 550 கிராம் சயனூரிக் அமிலம் வந்து சேர்கிறது. மூன்று ஆண்டுகளில் 15 கிலோ என்றால், எட்டுக் கிலோவுக்கு மேல் உங்கள் குளத்துக்குள் போயிருக்கிறது. உங்கள் அளவுகளின்படி குளத்தின் கொள்ளளவு சுமார் 42,000 லிட்டர். எதுவும் வெளியேறாமல் இருந்திருந்தால் ஏறத்தாழ 200 பிபிஎம் ஆகியிருக்கும். மழையில் குளம் வழிந்ததாலும், பேக்வாஷ் (வடிகட்டி மணலைக் கழுவ நீரை எதிர்த்திசையில் ஓட்டுவது) செய்தபோது வெளியேறியதாலும் ஒரு பகுதி குறைந்திருக்கும். இப்போது எவ்வளவு மீதி என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும். சயனூரிக் அமிலம் மிகுந்த நீரில் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பச்சை போகாமல் பலர் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே எதையும் வாங்கிக் கொட்டுவதற்கு முன் மூன்றை அளந்து எழுதுங்கள்: பிஎச் (அமில-கார அளவு), மொத்தக் காரத்தன்மை (பிஎச் எளிதில் மாறாமல் தடுக்கும் திறன்), சயனூரிக் அமிலம். கடைசியாகச் சொன்னதை அளக்க எளிய குழாய்ச் சோதனை உண்டு. நீரில் வினைப்பொருளைக் கலந்தால் பால் போலக் கலங்கும். அடியில் கரும்புள்ளி இட்ட குழாயில் அதைச் சிறிது சிறிதாக ஊற்றி, புள்ளி எந்த உயரத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். குளோரின் அளக்கும் பெட்டி வாங்கும்போது, மஞ்சள் நிறம் காட்டும் பழைய வகையை விட்டுவிட்டு இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி வகையை வாங்குங்கள். மஞ்சள் வகை மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின் அதில் எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டாது.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அது செம்பு உப்பு. அளவு மிஞ்சினாலும் நீரின் பிஎச் உயர்ந்தாலும் செம்பு படிந்து, டைல்ஸின் இடைப்பூச்சில் பச்சையும் கருமையுமாகக் கறையேறும்; வெளிர்நிறத் தலைமுடிகூடப் பச்சை ஓடும். (என் வெள்ளைத் தலையில் ஒருமுறை ஓடியது, வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள்.) தவிர, பாசியைத் தடுப்பதும் கிருமியைக் கொல்வதும் வேறு வேறு வேலைகள். செம்பைப் போட்டுவிட்டுக் குளோரினைக் குறைத்தால், கண்ணாடி போலத் தெளிந்த, ஆனால் குளிக்கத் தகாத நீர்தான் கிடைக்கும்.

பதில்: அடித்தளம்

நான் கட்டுமானப் பொறியாளர். வேதியியலை மேலே எழுதியவரிடம் விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வந்தேன்: பிப்ரவரியில், கடற்கரை மணலில், அந்தக் குளத்தை முழுவதும் காலி செய்யாதீர்கள்.

பருவமழை முடிந்த சில மாதங்களுக்கு உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் மிகவும் மேலே நிற்கும். நீர் நிறைந்திருக்கும் குளத்தின் உள்ளே இருக்கும் எடை, வெளியே இருந்து வரும் அழுத்தத்தைச் சமன் செய்கிறது. உள்ளே இருப்பதை இறைத்துவிட்டால் அந்தத் தொட்டி, ஈர மணலில் புதைந்த வெறும் படகாகிவிடும். எவ்வளவு ஆபத்து என்பதை அறிய வீட்டு உறைக்கிணறே போதும். தரைமட்டத்திலிருந்து எத்தனை அடிக்குக் கீழே நீர் நிற்கிறது என்று, அன்று மோட்டார் போடுவதற்கு முன் காலையில் அளந்து பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, கிணற்றில் 3 அடியில் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குளத்தின் நீர்மட்டம் தரையிலிருந்து அரை அடி கீழே இருந்தால், ஆழமான முனையில் கான்கிரீட்டின் அடிப்பகுதி ஏறத்தாழ ஆறேகால் அடியில் இருக்கும். அதாவது அங்கே ஒரு மீட்டர் உயர நீரின் அழுத்தம் கீழிருந்து தள்ளும். சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ. எட்டு அங்குலக் கான்கிரீட் தரையின் எடையோ சதுர மீட்டருக்கு 500 கிலோதான். சுவர்களின் எடை துணைக்கு வருவதால் தொட்டி முழுவதும் கிளம்பிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆழமான முனையில் தரை விரிசல் விடுவதற்கும், டைல்ஸ் உப்பி எழுவதற்கும், குழாய் இணைப்புகள் பிடுங்கிக்கொள்வதற்கும் அது போதும். காலியாக இருக்கும் நேரத்தில் எதிர்பாராத மழை பெய்து கிணறு இன்னும் ஓர் அடி ஏறினால், சுவரின் எடையும் கைகொடுக்காது. அப்படி ஒரு மூலை மட்டும் நான்கு அங்குலம் எழும்பி நின்ற குளத்தைப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய முடியவில்லை, உடைத்துத்தான் எடுத்தார்கள்.

நினைவில் வைக்க வேண்டிய விதி எளிது. குளத்தின் நீர்மட்டம் கிணற்றின் நீர்மட்டத்துக்குக் கீழே எந்த நேரத்திலும் போகக் கூடாது. அதற்கு மேலே நிற்கும் வரை எவ்வளவு இறைத்தாலும் தொட்டிக்கு ஆபத்தில்லை. இது நீர் எளிதில் ஊடுருவும் மணலுக்குப் பொருந்தும். களிமண் பகுதியில் இருப்பவர்கள் கிணற்றை மட்டும் நம்பக் கூடாது. தொட்டியைச் சுற்றி நிரப்பிய மண்ணில் மழைநீர் தனியாகத் தேங்கி நிற்கும், கிணறு அதைக் காட்டாது. டைல்ஸ் வேலைக்காகக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால், கிணறு நன்றாக இறங்கியிருக்கும் மே மாதத்தில் செய்யலாம்.

கடலோரவீடு

இருவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். பிஎச் 8.2, காரத்தன்மை 170, சயனூரிக் அமிலம் 90. குளோரின் துளிகூட இல்லை. உறைக்கிணற்றில் நீர் 3 அடி 2 அங்குலத்தில் நிற்கிறது; ஐயா எடுத்துக்காட்டுக்குச் சொன்ன கணக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்துவதைப் பார்த்துக் கொஞ்சம் அதிர்ந்துதான் போனேன். பராமரிப்பவரிடம் விளக்கினேன், "பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன், எதுவும் மிதக்கவில்லை" என்றார். இனி நானே செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தோப்புவீட்டம்மா

பொள்ளாச்சிக்கு அருகில் தென்னந்தோப்பில் விருந்தினர் தங்கும் வீடு ஒன்றை நடத்துகிறேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தப் பச்சையோடு மல்லுக்கட்டியிருப்பதால், கைப்பழக்கத்தில் தெரிந்ததை எழுதுகிறேன்.

குளோரின் போடுவதற்கு முன்பே நீரைக் குறைத்துவிடுங்கள் ஐயா. குளோரின் இல்லாத இந்தப் பச்சை நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம், குளோரின் கலந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். மூன்றில் ஒரு பங்கை, அதாவது 14,000 லிட்டரை இறைத்தால் மட்டம் ஏறத்தாழ 1.4 அடி இறங்கும். தரையிலிருந்து இரண்டடிக்குள்தான் நிற்கும், கிணற்றுமட்டத்துக்கு மேலேதான். பிறகு நிரப்பி, ஓர் இரவு பம்பை ஓடவிட்டுக் கலந்து, மீண்டும் மூன்றில் ஒரு பங்கை இறைத்து நிரப்புங்கள். முதல் முறை 90 என்பது 60 ஆகும், இரண்டாம் முறை 40 ஆகும். ஆகச் செலவாகும் நீர் 28,000 லிட்டர். முழுவதும் காலி செய்வதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதுவும் மரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு முறை இறைப்பதற்கு முன்பும் கிணற்றை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரப்புவது கிணற்று நீராக இருந்தால், முதலில் ஒரு வெள்ளை வாளியில் அதை எடுத்து, கொஞ்சம் பிளீச்சிங் திரவம் விட்டு இரவு முழுதும் வையுங்கள். காலையில் செம்பழுப்பாக இருந்தால் நீரில் இரும்பு இருக்கிறது. அதைக் குளத்தில் விட்டுக் குளோரின் போட்டால் பச்சைக்குப் பதிலாகத் தேநீர் நிறம் வரும். அப்படியானால் லாரித் தண்ணீரே நல்லது. 12,000 லிட்டர் லாரி இரண்டரை நடை ஆகும்.

சருகை வாரும் வேலைக்குக் குறுக்கு வழி கிடையாது. நீளக் கம்பில் ஆழமான வலையைக் கட்டி, கண்ணுக்குத் தெரியாத அடியை மெதுவாகத் துழாவி வாரிக்கொண்டே இருக்க வேண்டும். தவளைகளை வாளியில் பிடித்து வெளியே விட்டுவிடுங்கள். மக்கிய இலை இருக்கும் வரை போடுகிற குளோரின் எல்லாம் அந்த இலைக்கே போகும். ஆர்வத்தில் நேராக வாக்குவம் குழாயைப் போட்டால் ஸ்கிம்மர் (மேல்மட்ட நீரை உறிஞ்சும் வாய்) குழாய் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அப்படி அடைத்து, தரையை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அடுத்து மணல் வடிகட்டி. நான்கு மாதம் நின்ற மோட்டாரை நேரடியாக ஓட்டிவிட வேண்டாம். மூடியைத் திறந்து கூடையைச் சுத்தம் செய்து, பம்பின் வாயில் நீர் ஊற்றி நிரப்பி, ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். நீர் போகும் வழியை மாற்றும் மல்ட்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை மோட்டார் ஓடும்போது ஒருபோதும் திருப்பக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்து, பிறகு பேக்வாஷ் குழாயில் நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். முதலில் பேக்வாஷில் வைத்து, கண்ணாடிக் குமிழில் நீர் தெளியும் வரை ஓட்டுங்கள். பிறகு ரின்ஸில் அரை நிமிடம். அதன் பிறகே ஃபில்டர். சுத்தமான மணலில் அழுத்தமானி எவ்வளவு காட்டுகிறது என்பதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறும்போதெல்லாம் மீண்டும் பேக்வாஷ் செய்ய வேண்டும். பாசி சாகும் நாட்களில் இது ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வரும், சலித்துக்கொள்ளக் கூடாது. வடிகட்டி மணலை ஆறேழு ஆண்டுகளாக மாற்றவில்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

இப்போது மருந்து. பிஎச் 8.2இல் குளோரின் போடுவது வீண். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு வாளி நீரில் அரை லிட்டர் ஊற்றி (அமிலத்தின் மேல் நீரை அல்ல, நீரில் அமிலத்தை), பம்பு ஓடும்போது குளத்தைச் சுற்றி வந்து ஊற்றுங்கள். நான்கு மணி நேரம் கழித்து அளந்து, 7.2 முதல் 7.4 வரை வரும் வரை திரும்பச் செய்யுங்கள். பொழுது சாய்ந்த பிறகு குளோரின். நாங்கள் கைக்கொள்ளும் கணக்கு, சயனூரிக் அமில அளவில் பத்தில் நான்கு பங்கு. 40 இருந்தால் குளோரின் 16 பிபிஎம். உங்கள் குளத்துக்கு, 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் என்றால் சுமார் ஒரு கிலோ. 10 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கிணற்று நீர் ஏற்கெனவே கடினமானது என்றால் திரவமே மேல். தூள் சுண்ணச்சத்தைக் கூட்டும். சாதாரண பிளீச்சிங் பவுடர் மலிவுதான், ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் போட வேண்டும், அடியில் சுண்ணாம்பும் படியும்.

போட்டுவிட்டுச் சுவரையும் படிக்கட்டையும் தரையையும் தூரிகையால் தேய்க்க வேண்டும். பாசி ஒட்டியிருக்கும் வழவழப்பு கிழிந்தால்தான் மருந்து உள்ளே போகும். ஒவ்வொரு நாளும் மாலையில் அளந்து, குறைந்த அளவை ஈடுகட்டி வாருங்கள். பச்சை மறைந்து நீர் சாம்பல் வெள்ளையாகக் கலங்கும்போது பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். மாலையில் அளந்த அளவுக்கும் மறுநாள் சூரியன் ஏறுமுன் அளந்த அளவுக்கும் இடையே ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையவில்லை என்றால், உள்ளே தின்ன ஏதும் மிச்சமில்லை. கலங்கல் மட்டும் போகாமல் நின்றால் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்திவிட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் படிந்ததைக் கலக்காமல், வால்வை வேஸ்ட் நிலையில் வைத்து வாக்குவம் செய்து வெளியேற்ற வேண்டும். அதை ஃபில்டர் நிலையில் இழுத்தால் மணல் கட்டிபட்டுப் போகும்.

பதில்: பழையஆய்வகம்

அம்மா எழுதியதில் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்.

உங்களிடம் மிச்சமிருக்கும் டிசிசிஏ மாத்திரையும் புதிதாக வாங்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஒரே மிதவை, ஒரே வாளி, ஒரே அள்ளுகரண்டி எதுவும் வேண்டாம். ஈரம் பட்ட நிலையில் இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அதேபோல அமிலமும் குளோரின் மருந்தும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அமிலத்தை ஒரு மூலையிலும் மற்றவற்றை வேறொரு காற்றோட்டமான இடத்திலும் வையுங்கள். மோட்டார் அறைக்குள் எதையும் வைக்க வேண்டாம், புகையில் மோட்டாரின் செம்புக் கம்பியே அரித்துவிடும்.

மற்றொன்று, குளோரின் 10 பிபிஎம்முக்கு மேல் நிற்கும் நாட்களில் பிஎச் சோதனையை நம்பாதீர்கள். அந்தச் சோதனையில் நிறம் காட்டும் ஃபீனால் ரெட் நிறம் மாறி, பிஎச் உயர்ந்துவிட்டது போல ஊதாவாகக் காட்டும். அதைப் பார்த்து மேலும் மேலும் அமிலம் ஊற்றியவர்கள் உண்டு. குளோரின் இறங்கிய பிறகு அளந்தால் போதும். உங்கள் பிஎச் 8.2 வரை ஏறியதற்கும் பாசியே காரணம். பகலில் அது நீரிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுகிறது. நிலைப்படுத்தி இல்லாத நீரில், பிஎச் 8.2 இருந்தால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக் குளோரின்தான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும், 7.2 இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. அமிலத்தை முதலில் ஊற்றச் சொன்னதன் காரணம் அதுதான்.

கடலோரவீடு

பதினொரு நாட்கள் ஆகின்றன. இரண்டு முறை இறைத்து நிரப்பியதில் சயனூரிக் அமிலம் 40க்கும் 45க்கும் இடையில் நிற்கிறது. கிணற்று நீரை வாளியில் சோதித்ததில் நிறம் மாறவில்லை, ஆகவே லாரி தேவைப்படவில்லை. குளோரின் போட்ட மூன்றாம் நாள் காலையில் பச்சை முற்றிலும் போய், கழுநீர் போல வெண்மையாக இருந்தது. படிகாரம் போட வேண்டியிருக்கவில்லை, வடிகட்டியே ஏழாம் நாளுக்குள் தெளிய வைத்துவிட்டது. அந்த வாரத்தில் பேக்வாஷ் எத்தனை முறை செய்தேன் என்று எண்ணவில்லை. நேற்று இரவுக்கும் இன்று காலைக்கும் இடையில் குளோரின் அரை பிபிஎம் மட்டுமே குறைந்திருக்கிறது. அது 3 பிபிஎம்முக்கு இறங்கும் வரை காத்திருக்கிறோம். தென்னை மரங்கள் நன்றாகவே இருக்கின்றன.

ஆனால் நீர் தெளிந்ததும் வேறொன்று கண்ணில் பட்டது. ஆழமான முனையில், தரையிலிருக்கும் உறிஞ்சு குழாயின் மூடியில் இரண்டு திருகாணிகள் இல்லை. மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த ஒரு வாய் மட்டும்தான் அடியில் இருக்கிறது. இதை இப்படியே விட்டுப் பம்பை ஓட்டலாமா?

பதில்: அடித்தளம்

ஓட்டலாம், ஆனால் யாரும் இறங்கக் கூடாது. தரையில் ஒரே ஒரு உறிஞ்சு வாய் இருந்து, மூடியும் கழன்றால், அதில் ஒரு குழந்தையின் கையோ தலைமுடியோ சிக்கினால் பெரியவர்களாலும் இழுத்து விடுவிக்க முடியாது. மோட்டாரை நிறுத்தினால்தான் விடும். குவிந்த வடிவில் வரும், முடி சிக்காத மூடியை வாங்கி, துருப்பிடிக்காத திருகாணியால் பொருத்துங்கள்; நீரை இறைக்காமலே மூழ்கிப் போய்ப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். அதுவரை மோட்டார் அறையில் தரைவாயின் வால்வை மூடிவிட்டு, ஸ்கிம்மர் வழியாக மட்டும் நீரைச் சுழல விடுங்கள். பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அவர்கள் குளிக்கும் நேரத்தில் அந்த வால்வு மூடியே இருக்கட்டும். மோட்டாரின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மின்பணியாளர் ஒருவரை வரவழைத்து, பம்புக்கும் குளத்து விளக்குக்கும் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா, நிலக்கம்பி துருப்பிடிக்காமல் இருக்கிறதா, நீருக்கு அடியில் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டில்தான் எரிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடல் உப்புக்காற்றில் நான்கு மாதம் நின்ற இணைப்பு அது.